எஞ்சின் இருக்கும் பக்கம்

ஜம்ரத் ஒரு படுக்கையை விரிக்க நாற்பத்தைந்து நொடி எடுத்துக்கொள்வார். எதிரெதிராக இருக்கும் இரண்டு இருக்கைகளை நடுவில் இழுத்துச் சேர்க்க வேண்டும். மெத்தையைப் போட்டு, விரிப்பை ஒரே உதறலில் பரப்பி, நான்கு மூலையையும் உள்ளே செருக வேண்டும். பிறகு தலையணை, போர்வை, திரை. அப்பர் பெர்த் என்றால் கூடுதலாகப் பத்து நொடி, கூரையோடு மடிந்து கிடக்கும் பலகையைச் சாவி போட்டு இறக்குவதற்கு. துங்சொங் சந்திப்பு வழியாகப் பாங்காக் போகும் இரவு ரயிலில் முப்பத்து நான்கு வருடம் இந்த வேலையைச் செய்தார். மாலை ஆறு மணிக்கு இருக்கைகளாக இருந்த பெட்டி ஏழு மணிக்குள் நாற்பது படுக்கைகளாகிவிடும். விடிந்ததும் மறுபடி இருக்கைகளாகிவிடும்.

தலையணையை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு அந்தக் காலத்து அட்டெண்டர்களிடம் ஒரு விதி இருந்தது. எஞ்சின் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கால். தலையணை அதற்கு எதிர்ப்பக்கம். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் கால் போய்ப் பலகையில் மோதட்டும், மண்டை மோத வேண்டாம். பாங்காக் போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஜம்ரத் இதைக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்குள் ஏறும்போதே எஞ்சின் எந்தப் பக்கம் என்று அவர் கைக்குத் தெரிந்துவிடும்.

அவர் மனைவி லமாய், கல்யாணத்துக்கு முன் துங்சொங் பிளாட்பாரத்தில் அவித்த வேர்க்கடலை விற்றவர். ரயில் ஏழு நிமிடம் நிற்கும். ஏழு ஏழு நிமிடமாகச் சேர்த்துத்தான் இந்த ஆளைக் கட்டிக்கொண்டேன், மொத்தமாக ஒரு நாள் உட்காரவைத்துப் பேசியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்பார். கல்யாணம் ஆன பிறகும் கணக்கு பெரிதாக மாறவில்லை. இரண்டு இரவு ரயிலில், ஒரு இரவு வீட்டில். மகள் பிறந்தபோது ஜம்ரத் பாங்காக்கிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். பிராச்சுவாப் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னல் வழியாக ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "பெண். இருவரும் நலம்." அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீதி பதினெட்டுப் படுக்கையையும் விரித்து முடித்தார்.

லமாய் அந்த ரயிலில் ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறார். புத்தாண்டுக் கூட்டம், எல்லா பெர்த்தும் விற்றுப்போயிருந்தது. மடியில் குழந்தையோடு, போர்வை அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாங்காக் போய்ச் சேர்ந்தார். கணவர் ஊருக்கெல்லாம் படுக்கை விரிப்பதை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பிறகு சண்டை வந்தபோதெல்லாம் எடுத்துச் சொல்வார். சண்டை இல்லாதபோதும் சொல்வார்.

அறுபது வயதில் ஜம்ரத் ஓய்வு பெற்ற அதே வருடம் அந்தப் பெட்டிகளும் ஓய்வு பெற்றன. ஏசி பெட்டிகள் வந்துவிட்டன. கூரையில் மின்விசிறி சுழலும், மரத்தில் உள்வேலை செய்த பழைய பெட்டிகள் ஆறு, காந்தாங் போகும் கிளைப்பாதையிலிருந்து பிரியும் ஓரத் தண்டவாளத்தில் ரப்பர் மரங்களை ஒட்டி வந்து நின்றன. இரும்புக்காரர்கள் வந்து ஒவ்வொன்றாக அறுத்தார்கள். ஐந்து போன பிறகு மிஞ்சியதன் எண்ணைப் படித்த ஜம்ரத் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனார். அவர் முதன்முதலில் படுக்கை விரித்த பெட்டி அது.

ஸ்டேஷன் மாஸ்டர் தவீ, மகன் வயதுக்காரர், சிரித்த முகம். அவருக்கும் ஒரு தொல்லை இருந்தது. நக்கோன் நகருக்கு வண்டி மாறிப் போகிறவர்கள் காலை வண்டிக்காகப் பிளாட்பாரத்திலேயே படுத்துக்கிடப்பார்கள். பத்தாம் மாதத் திருவிழா வந்தால் நடக்க இடம் இருக்காது. பெட்டியைச் சுத்தம் செய்து இவர்கள் படுக்கக் கொடுத்தால் என்ன என்று மேலிடத்துக்கு எழுதினார். சரி என்று பதில் வந்தது, ஒரு நிபந்தனையோடு. திருவிழா முடிந்த மறுநாள் எஞ்சினியர் வருவார். ஜனங்கள் வந்து படுத்திருந்தால் பெட்டி இருக்கட்டும். இல்லையென்றால் அதுவும் மற்ற ஐந்தின் வழியே போகும்.

ஜம்ரத்துக்கு ஏழு மாதம் கிடைத்தது. தேக்குப் பலகைகளைச் சுரண்டி எண்ணெய் போட்டார். பன்னிரண்டு மின்விசிறிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். மெத்தைகளுக்குப் புது இலவம் பஞ்சு அடைத்தார். ஜன்னல் பலகைகள் சிக்காமல் ஏறி இறங்க மெழுகு தேய்த்தார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஓய்வு பெற்ற மனிதர் என்று லமாய் அக்கம்பக்கத்தில் சொல்வதை நிறுத்திவிட்டார். சம்பளம் மட்டும்தான் ஓய்வு பெற்றது என்றார்.

அப்படிச் சொன்னவர்தான் நாற்பது திரையையும் தைத்தார். பச்சைத் துணி வாங்கி, கால்மிஷினில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் வெள்ளை நூலால் எண் போட்டு. இருபத்து மூன்றாவது திரை தைக்கும்போது நூல் அறுந்துகொண்டே இருந்தது.

பேத்தி பிறந்ததிலிருந்து அவர் கணவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார். "தாத்தா, உங்க சின்ன வீட்டுக்கு நானே சேலை தைச்சுக் குடுக்கறேன் பாருங்க. இந்த மாதிரி பொண்டாட்டி எங்கயாவது கெடைப்பாளா?"

"நாற்பது சேலை" என்றார் ஜம்ரத். "அவ கொஞ்சம் பெரிய எடம்."

புரட்டாசி வாக்கில் திருவிழா தொடங்கியது. எங்கள் கணக்கில் பத்தாம் மாதத்துத் தேய்பிறை பதினைந்து நாளும் செத்துப்போனவர்கள் கீழுலகத்திலிருந்து தங்கள் பிள்ளைகளைப் பார்க்க வருவார்கள். அவர்களுக்காகத் தட்டு அலங்கரித்து, ஐந்து வகைப் பலகாரம் வைத்து, விகாரைக்கு எடுத்துப் போக வேண்டும். தெற்கே எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களும் அந்த நாட்களில் ஊர் திரும்புவார்கள். துங்சொங் பிளாட்பாரம் மூட்டைகளால் நிறைந்தது.

முதல் நாள் பிற்பகலிலேயே யுபின் என்ற பெண் வந்தாள். ஹுவாய்யோட்டில் ரப்பர் பால் எடுப்பவள். கணவன், மாமியார், மூன்று பிள்ளைகள். பெட்டிக்குள் ஏறிப் பார்த்தார்கள். இருக்கைகள் பளபளத்தன, மின்விசிறி சுற்றியது. பிள்ளைகள் ஏணியில் ஏறி இறங்கினார்கள். ஆறு பெர்த் கேட்டாள். ஜம்ரத் ஆறு சீட்டை எழுதிக் கொடுத்தார்.

ஐந்தரை மணிக்குப் படுக்கை விரித்தார். லமாய் அந்த நேரத்தில்தான் சாப்பாட்டு அடுக்கோடு வந்தார். சோறும், சத்தோக் கொட்டை போட்டு வதக்கிய இறாலும். நடைவழியில் நின்று, கணவர் ஒவ்வொரு திரையாக மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். அடுக்கை ஜன்னலோரம் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

யுபினும் படுக்கைகளைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மூன்றாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். யுபின் ஜம்ரத்திடம் கைகூப்பி, சின்னவனுக்குச் சளி பிடித்திருக்கிறது, மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளாது மாமா, தப்பாக நினைக்காதீர்கள் என்றாள். ஆறு பேரும் பிளாட்பாரத்து பெஞ்சுகளில் பாய் விரித்தார்கள். பெஞ்சில் காற்று இன்னும் அதிகம்.

மறுநாள் நான்கு ஆசிரியைகள் வந்தார்கள். படுக்கை விரித்த பிறகு, ஊரில் ஒரு சித்தி இருப்பது திடீரென்று ஞாபகம் வந்தது என்று சொல்லிக் கிளம்பினார்கள். மூன்றாம் நாள் வந்த கிழவர் முழங்கால் வலி என்றார், லோயர் பெர்த் கொடுத்தும். எல்லாரும் சிரித்த முகத்தோடு, கைகூப்பி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கஷ்டப்பட்டுச் செய்துவைத்திருக்கும் ஒருவர் முகத்துக்கு நேரே, பெரியவர் வேறு, இது சரியில்லை என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள்.

நான்காம் நாள் முதுகுப்பை மாட்டிய இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து படுத்தார்கள். குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, இத்தனை நல்ல படுக்கையில் தாங்கள் படுத்ததே இல்லை என்று கைகளால் காட்டிவிட்டுப் போனார்கள். ஜம்ரத்துக்கு அதற்குப் பிறகுதான் குழப்பம் அதிகமானது.

மெத்தையில் நாற்றம் இருக்கிறதோ என்று தவீயைக் கூட்டிவந்து மோந்து பார்க்கச் சொன்னார். எட்டாம் நாள் காலை, படுக்கைகளெல்லாம் மறுபடி இருக்கைகளாகிவிட்டிருந்தன. தவீ குனிந்து நான்கு தலையணைகளை மோந்தார்.

"சோப்பு வாசனைதான் மாமா வருது. எனக்கே இப்படியே படுத்துடலாம்போல இருக்கு."

"படுத்தா எஞ்சினியர் கணக்குல ஒண்ணு சேரும்" என்றார் ஜம்ரத்.

தவீ சிரித்தார். ஆனால் வெளியே வந்து தண்டவாளத்தில் நின்றபோது, இன்னும் ஏழே நாள்தான் இருக்கிறது, இரும்புக்காரர் நேற்றே போன் செய்து விசாரித்தார் என்று மெல்லச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் ஜம்ரத் ஓரத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இருந்த வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். யாருமே படுக்காத விரிப்புகள். முந்தின நாளும் அவற்றைத்தான் துவைத்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. நான்கு அடி தள்ளி லமாய் விறகடுப்பில் விகாரைத் தட்டுக்கான ‘லா’ பலகாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். அடியில் பொடித் துளைகள் போட்ட கொட்டாங்கச்சியில் மாவை எடுத்து, சட்டியின் மேல் சுற்றிச் சுற்றி ஆட்டினால் நூல் நூலாக விழுந்து வலைபோல வேகும். செத்தவர்களுக்கு அது துணி. ஆட்டுகிற கை நிற்கக் கூடாது.

ஜம்ரத் தலை நிமிராமல் சொன்னார். "ஒருவேளை நான்தானோ என்னமோ. கெழவன் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் தூக்கம் வராதோ. நாளைக்கு தவீகிட்ட சொல்லிச் சின்னப் பசங்க யாரையாவது போடச் சொல்றேன்."

லமாயின் கை நின்றது. மாவு ஒரே இடத்தில் விழுந்து கருகத் தொடங்கியது. கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார்.

"தாத்தா, தலைகாணிய எந்தப் பக்கம் வைக்கறீங்க?"

"என்ன கேள்வி இது? எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம்."

"எஞ்சின் எங்க இருக்கு?"

ஜம்ரத் நுரை வழியும் கையை நீட்டி, பாங்காக் வண்டி போகும் திசையைக் காட்டினார். கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஓரத் தண்டவாளத்தில் அந்தத் திசை நேர் கிழக்கு. கால் கிழக்கே என்றால் தலை எங்கே என்று அவர் திரும்பிப் பார்த்தார். ரப்பர் மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு மாதமாக அந்த மரங்களுக்குப் பின்னால்தான் அது தினமும் இறங்கியது. அந்த வெளிச்சத்தில்தான் அவர் தேக்குப் பலகைக்கு எண்ணெய் தேய்த்தார்.

எங்கள் பக்கத்தில் மேற்கே தலைவைத்துப் பிணத்தைத்தான் கிடத்துவார்கள். அதுவும் செத்தவர்கள் வந்து போகிற பதினைந்து நாளில், நாற்பது படுக்கையை வரிசையாக மேற்கே தலைவைத்து விரித்துவிட்டு, வாருங்கள் படுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். ஓடுகிற வண்டிக்குத் திசை கிடையாது. வளைந்து வளைந்து போய்க்கொண்டிருக்கும், யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பயணிகூட அவரிடம் திசை கேட்டதில்லை. வீட்டுக் கட்டிலைக்கூட லமாய்தான் கிழக்கே தலைவைத்துப் போட்டார். அவர் அதில் படுத்து எழுந்ததோடு சரி.

"அதுல எஞ்சினே இல்லயே தாத்தா" என்றார் லமாய்.

ஜம்ரத் வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எப்பப் பாத்தே?"

"மொத நாளே."

"எட்டு நாளா தெரியுமா?"

"தெரியும்."

அடுப்பில் கருகின நாற்றம் வந்தது. லமாய் சட்டியை இறக்கி வைத்தார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அழவும் இல்லை. கருகியதைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே பேசினார்.

"அந்தப் பெட்டிய அறுத்துட்டா நீங்க வீட்டுக்கு வந்துருவீங்கன்னு நெனச்சேன். சாயங்காலம் எல்லா வீட்டுலயும் ரெண்டு பேரு ஒக்காந்து சாப்புடறாங்க. நான் முப்பத்து மூணு வருஷமா டிபன் கேரியர மூடி வெச்சுட்டு இருக்கேன். ரிட்டயர் ஆனா சரியாகும்னு பாத்தா, அது வந்து வாசல்லயே நின்னுக்கிச்சு."

"பின்ன இப்ப ஏன் சொன்னே?"

"சுத்தமா இருக்கறதத் தொவச்சுட்டு இருக்கீங்களே. அதப் பாக்க முடியல."

கோபமா இல்லையா என்று ஜம்ரத்தின் முகத்தில் தெரியவில்லை. வாளியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துப் பிழியத் தொடங்கினார். வெடித்த விரல்களால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. லமாய் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். ஒருவர் வலமும் ஒருவர் இடமுமாக முறுக்கினார்கள். மீதியிருந்தது பதினேழு விரிப்பு. கடைசி விரிப்பைக் கொடியில் போடும்போது ஜம்ரத், "நாளைக்கு நீயும் வா" என்றார்.

மறுநாள் மாலை லமாய் போனார். தலையணையை மாற்றிப் போடுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஜம்ரத்தின் கைக்கு அது பெரிய வேலையாக இருந்தது. முதல் மூன்று படுக்கையையும் பழையபடியே விரித்துவிட்டார். லமாய் நடைவழியில் அவருக்குப் பின்னாலேயே நடந்து, "கெழக்க, தாத்தா. கெழக்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது படுக்கையில் கை பழகிவிட்டது. இருபதாவதில் மறுபடி மறந்தது. நாற்பதும் முடிந்தபோது ஜம்ரத்துக்கு வேர்த்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

ஆனால் ஊரில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது. பேய்ப்பெட்டி என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். அடுத்த நான்கு நாளும் படிவரை வந்தவர்கள் உள்ளே ஏறவில்லை. திருவிழாவின் கடைசி நாள், எஞ்சினியர் வருவதற்கு முந்தின மாலை, நக்கோனிலிருந்து திரும்பும் கூட்டம் வந்து இறங்கியது. இனி காலையில்தான் அவர்களுக்கு மாற்று வண்டி. யுபினும் குடும்பமும் காலித் தட்டோடு அதே பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

லமாய் பிளாட்பாரத்தில் போய் நின்றார். வேர்க்கடலை விற்ற தொண்டை, முப்பத்து மூன்று வருடமாகச் சும்மா இருந்தது.

"தலை கெழக்க வெச்சாச்சு. எம் புருஷன் ரயில்காரரு, தெச தெரியாது. நான் திருப்பி வெச்சுட்டேன். வந்து பாத்துட்டுப் படுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பதினைந்து நாளாக யாரும் சொல்லக் கூச்சப்பட்டதை வீட்டுக்காரியே போட்டு உடைத்துவிட்டார். யுபின் முகம் சிவந்துபோய், சின்னவனுக்குச் சளி சரியாகிவிட்டது அக்கா என்றாள். மாமியார்தான் முதலில் ஏறினார். ஒரு தலையணையைத் தூக்கிப் பார்த்தார், ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றி லோயர் பெர்த்துக்குக் கீழே தள்ளினார். பெட்டி வாசலில் தலை குனிந்து நின்ற ஜம்ரத்திடம், "மெத்தை நல்லா இருக்குப்பா" என்றார்.

அன்று முப்பத்தொரு பெர்த் நிறைந்தது. காலையில் எஞ்சினியர் வந்தபோது பதினொரு பேர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் நடைவழியில் சத்தமில்லாமல் நடந்து போய்த் திரும்பினார். ஒரு வருடம் இருக்கட்டும், அடுத்த திருவிழாவுக்குப் பிறகு மறுபடி பார்க்கலாம் என்று தவீயிடம் சொல்லிவிட்டுப் போனார். இரும்புக்காரருக்கு தவீயே போன் செய்தார்.

அன்று பிற்பகல் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு லமாய் துவைக்க வேண்டிய மீதி விரிப்புகளை எடுத்துப்போக வந்தார். ஜம்ரத் அவரிடம், எந்த பெர்த் வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றார் லமாய். ஜம்ரத் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். லமாய் நடைவழியில் போய் இருபத்து மூன்றாம் எண் திரைக்கு அருகில் நின்றார்.

ஜம்ரத் இருக்கைகளை இழுத்துச் சேர்த்தார். மெத்தை, விரிப்பு, நான்கு மூலை. லமாய் நடைவழிக்கு எதிர்ப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையணையை எடுத்தவர் ஒரு கணம் நின்றார், பிறகு கிழக்கே வைத்தார். போர்வையைக் கால்மாட்டில் வைத்து, லமாய் படுத்ததும் திரையை இழுத்துவிட்டார். நாற்பத்தைந்து நொடிதான் ஆகியிருக்கும்.

சற்று நேரம் கழித்துத் திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "தாத்தா, எங்க போனீங்க?"

ஜம்ரத் பெட்டியின் கோடியில், அட்டெண்டருக்கான மடக்கு இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கால் தானாக அங்கே போயிருந்தது.

"இங்கதான் இருக்கேன்."

"அங்க என்ன வேல? யாரும் ஏறப் போறதில்ல. எதிர்ல வந்து ஒக்காருங்க."

ஜம்ரத் எழுந்து வந்து எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். லமாய் திரையைப் பாதி விலக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டை இனி இங்கேயே கொண்டுவந்துவிடுவதாகவும், இரண்டு தட்டு கொண்டுவருவதாகவும் கண்ணை மூடியபடியே சொன்னார். பேச்சு நடுவிலேயே நின்றது. தூங்கிவிட்டார்.

நான்கு மணிக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று காந்தாங் பக்கம் போனது. பெட்டி லேசாக அதிர்ந்தது. மின்விசிறிக் கூண்டுகள் கிணுகிணுத்தன. லமாய் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எந்த ஸ்டேஷன்?"

ஜம்ரத் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரப்பர் மரங்கள், கொடியில் காயும் விரிப்புகள்.

"நம்ம ஸ்டேஷன்தான். எறங்க வேண்டாம், தூங்கு."